மறையூர் பக்கம் இரண்டரை ஏக்கர். தூண்டில் போட வருகிறவர்களுக்குத் தங்குமிடம் கட்ட நினைக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது?

கோவில்கடவு மருமகள் கேட்டது:

வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இது முதல் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பதினான்கு வருடம் இருந்தோம். எனக்கு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை, அவருக்கு சாயப்பட்டறை. போன சித்திரையில் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு மலையேறி வந்துவிட்டோம். அவருடைய சொந்த ஊர் கேரளத்து மறையூர் பக்கத்தில் கோவில்கடவு. பாம்பாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாமனார் விட்டுப்போன இரண்டரை ஏக்கர் இருக்கிறது. முன்பு கரும்பு. அவர் போன பிறகு ஆறு வருடமாகத் தரிசு. ஒரு ஓட்டு வீடு, வெல்லம் காய்ச்சின கொட்டகை, ஒரு கிணறு, நான்கு பலா மரம், அவ்வளவுதான். வந்த அன்றைக்கு வீட்டுக்குள் நுழையவே அரிவாள் தேவைப்பட்டது.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தூண்டில் பைத்தியம். பள்ளிக்கூட லீவில் சித்தப்பாவோடு அமராவதி அணைக்குப் போய் விடிய விடியத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பன்னிரண்டு வருடம் சாயத் தண்ணீரையே பார்த்தவர், இப்போது தினமும் காலையில் ஆற்றங்கரையில் போய் நின்றுவிட்டு வருகிறார். தூண்டில் போடுகிறவர்கள் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கி, மீன் பிடித்து, காட்டுச் சத்தம் கேட்டுவிட்டுப் போகிற மாதிரி ஓர் இடம் கட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை. எனக்கும் அதே ஆசைதான், ஆனால் கணக்குப் பார்த்தே பழகியவள், பயமும் கூடவே இருக்கிறது. கையில் பதினெட்டு லட்சம். கடன் இல்லாமல் முடிக்கப் பார்க்கிறோம்.

இப்போதைக்கு எங்கள் மனதில் உள்ளது இது: ஆறு குடில், முப்பது சென்ட்டில் ஒரு குளம். குளத்தில் பழகிய பிறகு விருந்தாளிகளை ஆற்றுக்குக் கூட்டிப்போய் மாசீர் என்கிற பெரிய ஆற்று மீனைப் பிடிக்கவைப்பது. பிளான் போட்டுத் தருகிறேன் என்று வந்த ஒருவர் பத்துக் காட்டேஜ், நீச்சல் குளம், வெளிநாட்டு மீன் என்று ஒரே மூச்சில் அடுக்கினார், கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டோம்.

என் கேள்விகள். முதலில் குளமா, குடிலா? ஆற்றில் தூண்டில் போட அனுமதி கிடைக்குமா? என்ன மீன் விடலாம்? மூணாறில் டிரவுட் இருக்கிறதே, இங்கேயும் வளருமா? அப்புறம் யானை. போன மாதம் பலாப்பழத்துக்காக இரண்டு முறை வந்துவிட்டது. இதையெல்லாம் வாழ்ந்து பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வோம்.

கீழாந்தூர் குளத்துக்காரர்:

அம்மணி, முதலில் தண்ணீர். அது ஒரு வருடம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மீன். குடில் எல்லாம் கடைசியில். நானும் என் மனைவியும் இதை அப்படியே தலைகீழாகச் செய்தோம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எட்டு வருடமாக மூன்று அறையும் ஒரு குளமும் வைத்து நடத்துகிறோம், அதில் முதல் மூன்று வருடம் வெறும் நஷ்டம்.

நம் பக்கம் மழைமறைவுப் பகுதி. மூணாறில் ஆனியும் ஆடியும் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது நமக்குத் தூறல்தான். சின்னார் காட்டுக்கு வருடத்துக்கு ஐந்நூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். முப்பது சென்ட் குளம் என்றால் நீர்ப்பரப்பு சுமார் ஆயிரத்து இருநூறு சதுர மீட்டர். கோடையில் நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானால்கூட ஆறாயிரம் லிட்டர் தினமும் காற்றோடு போகும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் உங்கள் கிணறு அதை ஈடுகட்டுமா? வீட்டுக்கும் செடிக்கும் போக மிச்சம் வருமா? இதற்கு விடை தெரியாமல் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள்.

மண் குளமா, படுதாக் குளமா என்பது அடுத்தது. களிமண் இருந்தால் மண் குளம்தான் மீனுக்கு நல்லது. ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, விளிம்புவரை தண்ணீர் விட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள், மண்ணே சொல்லிவிடும். எங்கள் இடத்தில் சரளை, படுதா போடவேண்டியதாயிற்று. போட்டவர் ஐந்நூறு மைக்ரான் என்று காசு வாங்கிவிட்டு அதைவிட மெல்லியதை விரித்துவிட்டார். எனக்கு அப்போது விரலில் வைத்துப் பார்த்துச் சொல்லத் தெரியாது. இரண்டாவது கோடையில் தண்ணீர் தேடி வந்த ஒற்றைக் கொம்பன் உள்ளே இறங்கி ஏறினதில் கிழிசல் பதினேழு இடத்தில். யானை மேல் எனக்குக் கோபமில்லை, அது காலங்காலமாக நடந்த வழியில் நான் தண்ணீரை வைத்துவிட்டேன். நீங்கள் குளத்துக்கு இடம் குறிக்கும் முன்னால் பக்கத்துக் குடியில், அதாவது மலைவாழ் மக்கள் ஊரில், இருக்கிற முதுவான் இனப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து நிலத்தைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். ஆனைத்தாரை (யானை நடக்கிற வழி) எது என்று அவர் கை காட்டுவார். அந்தப் பக்கம் எதையும் கட்டாதீர்கள், விளக்கும் போடாதீர்கள். பலாவைப் பழுக்கவிடாமல் பிஞ்சிலேயே வெட்டிவிடுங்கள், மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும்.

இப்போது மீன். எங்கள் முதல் குளம் செத்தது ஒரே இரவில். ஐப்பசி மாதம், மூன்று நாள் வெயிலே இல்லை. தண்ணீர் நல்ல பச்சையாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு முந்தின நாள் சாணி வேறு கரைத்து ஊற்றியிருந்தோம். விடியற்காலை நாலரை மணிக்கு மனைவி எழுப்பினாள், குளத்துப் பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது என்று. டார்ச் அடித்துப் பார்த்தால் நீர்மட்டம் முழுக்க வாய்கள். கட்லா எல்லாம் தலையை மேலே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, நூறு பேர் பந்தியில் உட்கார்ந்து சப்புக்கொட்டுகிற மாதிரி சத்தம். வாளியால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம், மோட்டாரைப் போட்டோம், விடிவதற்குள் பாதிக்கு மேல் வெள்ளை வயிறு தெரிய மிதந்துவிட்டது. பாசி பகலில் உயிர்க்காற்றைக் கொடுக்கும், இரவில் அதுவே மீனோடு சேர்ந்து எடுத்துக்கொள்ளும். விடியலுக்கு முந்தின நேரத்தில்தான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. மேகமூட்டமும் சாணியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது தினமும் முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பேன். உள்ளங்கை தெரியவில்லை என்றால் சாணியும் தீவனமும் நிறுத்தம். மேகமூட்டமான நாளில் தீவனமே கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் தானாக ஓடும்படி டைமர் வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் கண்விழிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான் அல்லது உங்கள் வீட்டுக்காரர்தான். வேறு யாரையும் நம்பி இதை விடமுடியாது.

டிரவுட் ஆசையை விட்டுவிடுங்கள். அதற்குத் தண்ணீர் இருபது டிகிரிக்குள் இருக்கவேண்டும், ஓடிக்கொண்டும் இருக்கவேண்டும். தோட்டத் துரைமார் விட்ட டிரவுட் ராஜமலை உயரத்தில் பிழைத்தது. நாம் ஆயிரம் மீட்டரை ஒட்டி இருக்கிறோம். கட்லா, ரோகு, மிர்கால்தான் நமக்கு, அதுவும் சமவெளி வேகத்தில் வளராது. கீழே ஒரு வருடத்தில் ஒரு கிலோ தொடுகிற கட்லா எங்கள் குளத்தில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் வந்தது. விற்பதற்கு வளர்க்கிறவர்கள் ஹெக்டேருக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் குஞ்சு விடுவார்கள், உங்கள் முப்பது சென்ட்டுக்கு அறுநூறிலிருந்து ஆயிரத்து இருநூறு. தூண்டிலுக்கு அது வேண்டாம். முந்நூறோடு நிறுத்துங்கள். கூட்டம் குறைந்தால்தான் மீன் பெரிதாகும், மூன்று நான்கு கிலோ மீன் ஒன்று இழுத்தால் வந்தவர் அடுத்த வருடமும் வருவார்.

நீர்நாயை மறந்துவிட்டேனே. கரையில் செதில் செதிலாகக் கலந்த எச்சம் கிடந்தால் அதுதான். தலையைத் தின்றுவிட்டு உடம்பைப் போட்டுப்போகும். அதைத் தொடக்கூடாது, காட்டு இலாகா சும்மா விடாது, தொடவும் எனக்கு மனசில்லை. ஓரடி மண்ணுக்குள் புதைத்து மூன்றடி வெளியே நிற்கிற மாதிரி கம்பி வலை கட்டினதும் பெரும்பாலும் நின்றுவிட்டது.

தங்கூஸ் (கோயம்புத்தூர்):

சகோதரி, நான் முப்பது வருடமாகத் தூண்டில் போடுகிறவன், உங்கள் கணவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஆற்றைப் பற்றி மட்டும்.

நீங்கள் தினமும் பார்க்கிற பாம்பாறு சாதாரண ஆறு இல்லை. கேரளத்தில் கிழக்கே ஓடுகிற ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. மூன்றும் கடைசியில் காவிரிக்குத்தான் போகின்றன. காவிரியின் திமிலுள்ள பெரிய மாசீர், ஆரஞ்சு நிறத் துடுப்போடு ஆள் எடைக்கு வளருமே, அது உலகத்திலேயே காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டும்தான் உண்டு. 1946ல் கபினியில் 120 பவுண்டு மீன் பிடிபட்டது இன்றுவரை பேசப்படுகிறது. இத்தனை புகழ் இருந்தும் அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் எது என்பதே 2018ல்தான் உறுதியானது. தோர் ரெமாதேவி. அந்தப் பெயர் முதலில் வைக்கப்பட்டது சின்னார் சரணாலயத்துக்குள் உங்கள் பாம்பாற்றில் எடுத்த சின்ன மீன்களுக்கு. அதே வருடம் அது அற்றுப்போகும் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

அதனால் விருந்தாளியை ஆற்றுக்குக் கூட்டிப்போகிற எண்ணத்தை முழுதாக விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பாம்பாற்றின் தூவானம் அருவி சரணாலயத்துக்குள் இருக்கிறது, அங்கே தூண்டில் போடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எல்லைக்கு வெளியே உள்ள துண்டில் என்ன சட்டம் என்று வாதாடலாம், ஆனால் மீனுக்கு எல்லைக்கல் தெரியாது.

பிடித்து விட்டுவிடுவோமே என்று உங்கள் கணவர் கேட்பார். நானும் அப்படிக் கேட்டவன்தான். கர்நாடகத்தில் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாக்கலி முகாம்கள் நடந்த கதை தெரிந்திருக்கும். 1977ல் மூன்று ஆங்கிலேயர்கள் வந்து பெரிய மாசீர் இன்னும் இருக்கிறது என்று பிடித்துக் காட்டினார்கள், அதன் பின்னால் அந்த முகாம்கள் வளர்ந்தன. பிடிக்கிற ஒவ்வொரு மீனும் ஆற்றுக்கே திரும்பியது, தோட்டா போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களே வழிகாட்டிகளாக மாறினார்கள், ஆற்றுக்குக் காவல் இருந்தது. இத்தனை நல்லது நடந்தும் அந்த இடம் சரணாலயம் என்பதால் 2010க்குப் பிறகு தூண்டில் நிறுத்தப்பட்டது. அரசாங்கமே நடத்திய முகாமுக்கு அந்த நிலை என்றால், பதினெட்டு லட்சத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஆற்றை நம்பலாமா?

இன்னொன்றும் இருக்கிறது. அதே காவிரியில் நல்லெண்ணத்தோடு வேறொரு மாசீரை, நீலத்துடுப்புள்ளதை, பண்ணையில் பொரிக்கவைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகியது, நம் திமில் மீன் ஒதுங்கிப்போனது. உங்கள் குளத்து வாய்க்காலும் ஆற்றில்தானே போய்ச் சேரும்? 2018 வெள்ளத்தில் கேரளத்துக் குளங்களும் பண்ணைகளும் உடைந்து அரபைமா, முதலை மூக்கு மீன் எல்லாம் ஆற்றுக்குள் வந்ததைப் பார்த்தோம். அந்தப் பிளான் போட்டவர் சொன்ன வெளிநாட்டு மீன் ஒன்றுகூட வேண்டாம். நட்டர் என்கிற வெளிநாட்டு மீன் நன்றாக இழுக்கும், விருந்தாளிகள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000லிருந்தே தடை. கட்லாவும் ரோகுவும்கூட வடக்கத்தி ஆறுகளிலிருந்து வந்தவைதான், அதனால் குளத்து மிகைநீர் வெளியேறும் இடத்தில் பொடிக்கண் வலை இரட்டையாகக் கட்டுங்கள்.

குளத்திலும் மீனை மரியாதையோடு பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். தூண்டில் முள்ளின் உட்புறம் எதிராக நிற்கிற சின்னக் கூர் இருக்கிறதல்லவா, அதை பிளையரால் நசுக்கிவிடுங்கள். தங்கூஸ் நரம்பு தளராமல் இருந்தால் மீன் கழன்று போகாது, எடுக்கும்போது உதடும் கிழியாது. முடிச்சில்லாத ரப்பர் வலை வாங்குங்கள், நைலான் வலை செதிலையும் அதன் மேலுள்ள வழவழப்பையும் உரித்துவிடும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். கையை நனைக்காமல் மீனைத் தொடக்கூடாது. போட்டோ எடுக்கிறவர் தயாரான பிறகுதான் மீனை நீரிலிருந்து தூக்கவேண்டும், ஒரு மூச்சு நேரம், திரும்ப உள்ளே. தலையை நீருக்குள் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் செவுள் அடிக்கிறது உள்ளங்கையில் தெரியும். அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள். அந்த உதறல்தான் எனக்கு இன்றைக்கும் மொத்த நாளின் சுகம்.

இரைக்கு ராகி உருண்டை போதும், கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் பிசைந்துகொள்ளுங்கள். சமையலுக்கு மீன் கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் குளம் தனியாக.

தேவிகுளம் தாலுக்கா:

மேலே இருவரும் சொன்னது எல்லாம் சரி. நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துக்கு வருகிற தமிழ்நாட்டுக்காரர்கள் வழுக்குவது இங்கேதான்.

பட்டா கையில் இருக்கிறது, நம் நிலம், என்ன வேண்டுமானாலும் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே பட்டயம் (பட்டாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எந்தச் சட்டத்தில், எந்த உபயோகத்துக்குக் கொடுத்தது என்று பார்க்கவேண்டும். அரசு நிலத்தை ஒதுக்கிக் கொடுக்கிற 1964 நிலப் பதிவு விதிகளின்படி கொடுத்த பட்டயமாக இருந்தால் விவசாயத்துக்கும் வீட்டுக்கும்தான், வியாபாரக் கட்டடம் எழுப்பினால் சிக்கல். இடுக்கியில் எத்தனையோ கட்டடம் இதில் மாட்டியதால்தான் 2023ல் சட்டத்தையே திருத்தினார்கள். உங்கள் பட்டயம் 1964 விதிகளுக்கு முந்தினதா, வேறு வகையா என்று வில்லேஜ் ஆபீஸில் பதிவேட்டை நேரில் பாருங்கள். போக்குவரவு, அதாவது பெயர் மாற்றம், உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கு முடிந்து கரம் (நிலவரி) கட்டின ரசீது இருக்கவேண்டும், அது இல்லாமல் மற்ற எந்த வேலையும் நகராது.

அடுத்து ஒரு சொல். பதிவேட்டில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது வெறும் நிலம் என்று அர்த்தமில்லை, கேரளத்தில் அது நெல்வயல். மேட்டுக்காடாக இருந்தால் ‘புரையிடம்’ என்று இருக்கும். நம் ஊரில் நெல் போட்ட வயலில்தான் பிற்பாடு பல பேர் கரும்பு வைத்தார்கள், உங்கள் மாமனாரும் அப்படி வைத்திருக்கலாம். ‘நிலம்’ என்று இருந்து, கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) வைத்திருக்கிற நெல்வயல் பட்டியலான டேட்டா பேங்கிலும் ஏறியிருந்தால் 2008 நெல்வயல் சட்டப்படி அதில் கட்டவோ உருமாற்றவோ முடியாது. குளம் வெட்டும் முன்னால் இதைப் பாருங்கள். வெட்டின மண்ணைக் கரை போட அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், லாரியில் வெளியே ஏற்றினால் புவியியல் துறை அனுமதி கேட்பார்கள்.

ஆறு குடிலுக்குப் பதில் அந்த ஓட்டு வீட்டையே சரிபண்ணி ஹோம்ஸ்டே ஆக்கினால் பாதிச் சிக்கல் குறையும். வீட்டின் சொந்தக்காரர் அங்கேயே குடியிருக்கவேண்டும், ஆறு அறை வரை சுற்றுலாத் துறையில் வகைப்படுத்தல் வாங்கலாம். மீன் குளத்துக்கு மீன்வளத் துறைப் பதிவு தனி. வெளிநாட்டு விருந்தாளி வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை அரசாங்க இணையதளத்தில் ஏற்றவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

கோவில்கடவு மருமகள்:

மூன்று பேரும் எழுதினதை நேற்று ராத்திரி அவருக்கு வாசித்துக் காட்டினேன். தங்கூஸ் அண்ணா எழுதினதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. காலையில் ஆற்றுக்குப் போய் வந்து, ‘நான் பார்க்கிறது அந்த மீனாகவே இருந்தாலும் பார்க்கிறதோடு நிறுத்திக்கொள்கிறேன்’ என்றார். அவருடைய வாயிலிருந்து அது வருவதற்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

வில்லேஜ் ஆபீஸ் போய்வந்தோம். ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு ஏக்கர் புரையிடம். வீடும் கொட்டகையும் கிணறும் புரையிடத்தில்தான், தப்பித்தோம். டேட்டா பேங்க் பற்றி இன்னும் எழுத்தில் வாங்கவில்லை. அந்த ஒன்றரை ஏக்கரில் குளம் என்றுதான் கோடு போட்டு வைத்திருந்தோம், சொல்லாமல் விட்டிருந்தால் வெட்டியே இருப்போம்.

புரையிடத்தில் குளம் என்றால் பத்து, பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல் வராது. அவ்வளவு சின்னக் குளத்தை நம்பி யாராவது வந்து தங்குவார்களா? எனக்கு இது பெரிய கவலை.

கீழாந்தூர் குளத்துக்காரர்:

வருவார்கள் அம்மணி. எங்கள் குளம் பதினான்கு சென்ட். தங்கூஸ் மாதிரி முப்பது வருடம் போட்டவர்கள் நம்மிடம் வருவது குறைவு. வருகிறதெல்லாம் உடுமலை, பொள்ளாச்சி, ஈரோட்டுக் குடும்பங்கள்தான், தூண்டிலை முதல்முறை கையில் பிடிக்கிற குழந்தைகள். அதற்குத் தக்கையும் மூங்கில் கோலும் போதும், விலை உயர்ந்த ரீல் எல்லாம் முதல் வருடம் வாங்காதீர்கள். ஒரு எட்டு வயதுப் பெண் பிள்ளை, தக்கை முழுகின உடனே கோலைப் போட்டுவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டது, கோல் குளத்துக்குள் போய்விட்டது, மீனும் போய்விட்டது. அந்தக் குடும்பம் நான்கு வருடமாக ஒவ்வொரு கோடை லீவுக்கும் வருகிறது.

ஒரே நேரத்தில் ஆறு கோலுக்கு மேல் விடாதீர்கள், வாரத்தில் இரண்டு நாள் குளத்துக்கு முழு ஓய்வு. தினமும் முள் பட்டால் மீன் இரையையே தொடாது. தனியாக இன்னொரு குளம் என்று தங்கூஸ் சொன்னதில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை, உங்கள் தண்ணீருக்கு அது தாங்காது. சாப்பாட்டுக்கு அமராவதி அணை மீனை வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே பிடிக்கிறவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

சின்னார் ஜீப்:

நான் இந்த ரோட்டில் தினமும் ஓடுகிறவன். விருந்தாளிகளிடம் புக்கிங் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், உடுமலையில் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பி, ஒன்பதாறு என்கிற வனச் செக்போஸ்ட்டைப் பொழுதோடு தாண்டிவிட வேண்டும் என்று. இருட்டினபின் காட்டு வழியில் யானை நிற்கும், புது ஆட்கள் ஹாரன் அடிப்பார்கள், விளக்கைப் பளிச்சிடுவார்கள், வினையே அதில்தான். ராத்திரி யாரையும் சந்தனக் காட்டு வேலிப் பக்கம் நடக்கவிடாதீர்கள், காவல் கடுமை, டார்ச்சோடு சுற்றினால் விசாரணைதான்.

ஆள் வைப்பதாக இருந்தால் குடியிலிருந்தே இரண்டு பேரை வையுங்கள். மாதச் சம்பளமாகக் கொடுங்கள், விருந்தாளி வந்தால் மட்டும் கூலி என்றால் யாரும் நிற்கமாட்டார்கள். எந்த மாதம் யானை எந்தப் பக்கம் இறங்கும், எந்த மேகத்துக்கு மழை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

கோவில்கடவு மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. இந்த வருடம் குடில் கிடையாது என்று முடிவு செய்துவிட்டோம். ஓட்டு வீட்டில் இரண்டு அறையைச் சரிசெய்து ஒன்றில் நாங்கள் இருப்போம். வெல்லக் கொட்டகையின் அடுப்பை மட்டும் இடிக்காமல் வைத்துக்கொள்கிறோம், மழை நாளில் வருகிறவர்கள் உட்கார அதைவிட நல்ல இடம் கிடையாது. கிணற்றுக்குப் பக்கத்தில் ஆளுயரக் குழி வெட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், மூன்று நாளில் இரண்டு சாண் இறங்கியிருக்கிறது. களிமண்தானா என்று இன்னும் ஓர் இடத்தில் வெட்டிப் பார்க்கவேண்டும். நாளைக்கு முதுவான் பெரியவர் ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார்.

வீட்டுக்காரர் ஒரு மூங்கிலில் அடிக்கணக்குக்குக் கோடு போட்டுக் கிணற்றில் இறக்கிவைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில் அளந்து நான் நோட்டில் எழுதுகிறேன். இன்றைக்குப் பதினோரு அடி. சித்திரை முடிந்ததும் மொத்தக் கணக்கையும் இங்கே போடுகிறேன், அதைப் பார்த்துவிட்டு எத்தனை சென்ட் வெட்டலாம் என்று குளத்துக்கார அண்ணாதான் சொல்லவேண்டும்.